“பால் இரிக்கா?” என்று கேட்பதற்கு முன்



இதை எழுதுவதா விடுவதா என்று இரண்டு மாதமாக யோசித்துக்கொண்டிருந்தோம். கடைசியில் தங்கச்சியிடமே கேட்டோம். “எழுதுங்க ராத்தா, என்ட பேர மட்டும் போடாதீங்க. வேற ஒருத்திக்காவது உதவும்” என்றாள். அதனால் எழுதுகிறோம். கொஞ்சம் நீளம்தான். தாய்ப்பால் என்ற சொல்லைக் கண்டதும் இது பொம்பிளைகளின் விசயம் என்று விரலால் தள்ளிவிட்டுப் போகும் காக்காமார், தம்பிமாரும் நின்று வாசியுங்கள். உங்களுக்கும் இதில் வேலை இருக்கிறது.

தங்கச்சிக்கு 31ஆவது கிழமையில் பிரஷர் ஏறியது. அவசரமாக ஒப்பரேஷன் செய்து பிள்ளையை எடுத்தார்கள். ஆண் பிள்ளை, 1 கிலோ 380 கிராம். தாய்க்கு ஒரு தரம் முகத்தைக் காட்டிவிட்டு, குறைமாதப் பிள்ளைகளை வைத்துப் பார்க்கும் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். அவளை மற்றத் தாய்மார் இருக்கும் வார்டில் கிடத்தினார்கள். இரண்டு பக்கத்துக் கட்டிலிலும் பிள்ளைகள் அழுகின்றன, பால் குடிக்கின்றன. நடுவில் இவள், பக்கத்தில் ஒரு தலையணையோடு.

முதல் தவறை நாங்கள்தான் செய்தோம். “புள்ளதான் குடிக்கல்லயே, இவ கொஞ்சம் தூங்கட்டும்” என்று விட்டுவிட்டோம். உம்மா நினைத்தது அதுதான், சாச்சி நினைத்ததும் அதுதான். ஆசிரியர் கலாசாலையில் பிள்ளை உளவியல் படித்து, பரீட்சை எழுதி, பத்து வருடமாக வகுப்பெடுக்கும் நாங்கள் நினைத்ததும் அதேதான். வார்டிலும் அன்றைக்கு ஒருவரும் வந்து சொல்லவில்லை. அங்கே எத்தனை பேருக்கு எத்தனை வேலை என்று நாங்களே கண்ணால் பார்த்தோம், அதனால் குறை சொல்ல வரவில்லை.

மூன்றாம் நாள் காலையில், பாலூட்டல் முகாமைத்துவ நிலையத்திலிருந்து ஒரு மிஸ் வந்தார். “இதுவரைக்கும் எத்தனை தரம் பால் எடுத்தீங்க?” என்று கேட்டார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். ஒரு தரம்கூட எடுக்கவில்லை. அவர் ஏசவில்லை, கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஏசியிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்றைக்கு அவர் சொன்னதை அப்படியே இங்கே தருகிறோம். பிள்ளை பிறந்து நஞ்சும் விழுந்துவிட்டால் தாயின் உடம்பு பாலுக்குத் தயாராகிவிடுகிறது. பிள்ளை பக்கத்தில் இருக்கிறதா, வேறு மாடியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறதா என்று மார்புக்குத் தெரியாது. வெளியே எடுத்தால் ‘தேவை இருக்கிறது’ என்று விளங்கிக்கொள்ளும். எடுக்காமல் விட்டால் ‘தேவையில்லை’ என்று கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்திக்கொள்ளும். நம் ஊர் மணல் கிணற்றைப் போலத்தான், இறைத்த கிணறுதான் ஊறும். அதனால் பிள்ளை குடிக்க முடியாத நிலையில் இருந்தால், பிறந்து முதல் சில மணித்தியாலங்களுக்குள்ளேயே கையால் எடுக்கத் தொடங்க வேண்டும். முதல் மணித்தியாலத்திலேயே முடிந்தால் இன்னும் நல்லது. பிறகு இரவு பகலாக 24 மணித்தியாலத்தில் 8 தரத்துக்குக் குறையாமல் எடுக்க வேண்டும்.

எடுத்தால் என்ன வரும்? சொட்டு. முதல் நாட்களில் வருவது மஞ்சளாக, பிசுபிசுப்பாக, தேக்கரண்டி நிறையாத சீம்பால்தான். அதைப் பார்த்துத்தான் ‘பால் இல்லை’ என்கிறோம். அது இல்லாமை அல்ல, அப்போது அவ்வளவுதான் வரும். அந்தச் சொட்டை ஊசியில்லாத சிரிஞ்சில் உறிஞ்சி எடுத்துக்கொண்டு போனால், குறைமாதப் பிள்ளையின் கன்னத்துக்குள் தடவுவார்கள், அல்லது குழாய் வழியாகக் கொடுப்பார்கள். குறைமாதப் பிள்ளைகளுக்குக் குடல் அழற்சியாகி அழுகிப்போகும் பயங்கரமான ஒரு நோய் வரக்கூடும். தாய்ப்பால் கிடைக்கும் பிள்ளைக்கு அந்த ஆபத்து குறைவு. அந்த ஒரு சொட்டுக்கு அவ்வளவு பெறுமதி.

ஒப்பரேஷன் நடந்த தாய்க்கும், பிரஷர், சீனி வருத்தம் இருந்த தாய்க்கும், குறைமாதத்தில் பெற்றவளுக்கும் பால் கட்டி வருவது ஓரிரண்டு நாள் பிந்தலாம். பிந்துவதை வராது என்று எண்ணிவிடுகிறோம். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் எண்ணினோம்.

இனி இரண்டாவது தவறு. இது எங்கள் வீட்டுக்கு மட்டும் உரியதல்ல.

ஐந்தாம் நாள் தங்கச்சிக்கு டிக்கட் வெட்டினார்கள். பிள்ளை அங்கே, தாய் இங்கே. வெறுங்கையோடு வீட்டுப் படி ஏறினாள். அஸருக்குப் பிறகு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். இஷா வரைக்கும் 27 பேர். எல்லோரும் நல்ல மனதோடு வந்தவர்கள்தான், துஆச் செய்தவர்கள்தான். ஆனால் 27 பேரும் கேட்ட முதல் கேள்வி ஒன்றுதான். “பால் இரிக்கா மகள்?”

இல்லை என்று சொன்னால், “இன்னும் வரல்லயா? யா அல்லாஹ்!” கொஞ்சம் வருகிறது என்றால், “கொஞ்சம் எண்டா எவ்வளவு?” ஒருவர் தன் மருமகளுக்கு இரண்டாம் நாளே உடுப்பெல்லாம் நனைந்த கதையைச் சொன்னார். இன்னொருவர், “இவட உம்மாக்கும் இல்லத்தானே, பரம்பர” என்றார். உம்மாவின் முகம் போன போக்கை நாங்கள் பார்த்தோம். இரண்டு பேர் பால்மா டின்னே வாங்கி வந்திருந்தார்கள். “இந்தக் காலத்துப் புள்ளயள் எல்லாம் இதிலதானே வளருது. ஒண்டும் யோசிக்காதீங்க.”

யோசிக்காதே என்று சொல்லிவிட்டு யோசிக்க வைப்பதில் நம் ஊருக்கு நிகர் நம் ஊர்தான்.

அன்று பகல் ஆஸ்பத்திரியில் ஒரு தரத்துக்கு 15 மில்லி எடுத்தவள், இரவு ஒன்பது மணிக்கு அறையைப் பூட்டிக்கொண்டு முக்கால் மணித்தியாலம் அழுத்தி எடுத்தது, போத்தலின் அடி மறையாத அளவுதான். கதவைத் திறந்து போத்தலைக் காட்டினாள். “பாருங்க ராத்தா, சாச்சி சொன்னது சரி. வத்திப்போச்சு.”

வற்றவில்லை. மறுநாள் அதே மிஸ்ஸிடம் கேட்டுத் தெரிந்துகொண்டோம். பால் ஊறுவது ஒரு வேலை, ஊறிய பால் இறங்குவது இன்னொரு வேலை. ஊற வைப்பது புரோலக்டின் என்ற ஓமோன். இறங்க வைப்பது ஒக்சிடோசின். பயம், வெட்கம், வலி, அவமானம் வரும்போது உடம்பில் அட்ரினலின் கூடும், அது ஒக்சிடோசினைத் தடுக்கும். பால் உள்ளே இருக்கும், கீழே வராது. இது சில நிமிடத் தடைதான், மனம் ஆறினால் திறக்கும். ஆனால் வரவில்லை என்று மனம் உடைந்து அவள் எடுப்பதையே நிறுத்திவிட்டால், உள்ளே தேங்கிய பால் ‘இனி ஊற வேண்டாம்’ என்று சொல்லிவிடும். அப்போதுதான் உண்மையிலேயே குறையும். ஆகவே கவலை மட்டும் பாலை வற்றச் செய்வதில்லை. கவலைப்பட்டு எடுக்காமல் விடுவதுதான் வற்றச் செய்கிறது. கவலை தாய்க்கு இயல்பாகவே வரும், பிள்ளை கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கும்போது எந்தத் தாய் கவலைப்படாமல் இருப்பாள்? “கவலப்பட்டா பால் வராது, கவலப்படாத” என்று அவளைப் பயமுறுத்துவதால் இன்னொரு கவலைதான் கூடும். மேலதிகக் கவலையை வீட்டுக்குள் கொண்டுவருபவர்கள் நாம். அதை நிறுத்துவது நம் கையில் இருக்கிறது.

நாங்கள் நிறுத்தினோம். எப்படி என்று சொல்கிறோம்.

முதலில் முன் கதவைச் சாத்தினோம். வாப்பா வெளிக் குந்தில் கதிரை போட்டு உட்கார்ந்தார். வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்து, “புள்ள வீட்ட வந்த பொறகு வாங்க” என்று சொல்லி அனுப்பினார். இரண்டு குடும்பம் இன்றுவரை கோபம். பரவாயில்லை, மௌலூதுக்கு வருவார்கள்.

அடுத்து நேரம். எட்டுத் தரம் எடுக்க வேண்டும் என்றால் எந்த எட்டு? மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்தே அவளுக்குத் தலைவலி வந்தது. உம்மாதான் வழி சொன்னார். பாங்கு சொன்னால் எடு. சுபஹ், லுஹர், அஸர், மஃரிப், இது நான்கு. காலை எட்டுக்கும் பத்துக்கும் இரண்டு. இரவு ஒன்பதுக்கு ஒன்று, பன்னிரண்டுக்கு ஒன்று, இரண்டரைக்கு ஒன்று. மொத்தம் ஒன்பது. இடைவெளி எல்லாம் சமமாக இருக்கத் தேவையில்லை, நாளின் மொத்தக் கணக்குத்தான் முக்கியம். ஆனால் இரவில் முழுதாகத் தூங்கிவிடக் கூடாது, ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் விடக் கூடாது. புரோலக்டின் இரவில்தான் கூட. அந்த இரண்டரை மணித் தரத்தில் அவளைத் தனியாக விடவில்லை. ஒரு நாள் உம்மா, ஒரு நாள் நாங்கள், வெள்ளி சனி அவளுடைய மாப்பிள்ளை. பால் எடுப்பது அவள் மட்டும் செய்யக்கூடிய வேலை. சுடுதண்ணி கொடுப்பது, முதுகைத் தடவுவது, பம்பின் துண்டுகளைக் கழுவி அவித்து வைப்பது, போத்தலில் நேரம் எழுதி குளிர்சாதனப் பெட்டியின் உள்பக்கம் வைப்பது, இதெல்லாம் யாரும் செய்யலாம். பேராசிரியரும் செய்யலாம்.

எடுக்கும்போது போத்தலைப் பார்க்கக் கூடாது என்றார் மிஸ். எங்களுக்கு இது விளையாட்டாகப் பட்டது. ஆனாலும் மருமகனின் பழைய காலுறையைப் போத்தலுக்கு மாட்டிவிட்டோம். எத்தனை மில்லி என்று எண்ணிக்கொண்டிருப்பது நின்றது. கையில் போன், அதில் பிள்ளையின் படம். மடியில் பிள்ளையைச் சுற்றியிருந்த துணி, கழுவாதது, அந்த வாசத்தோடு. எடுப்பதற்கு முன் இளஞ்சூட்டுத் துணி ஒத்தடம், விரல் நுனியால் மெதுவாக வட்டமாகத் தடவுதல். இதெல்லாம் மந்திரம் அல்ல, ஒக்சிடோசினை வரவழைக்கும் வழி.

எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம், பிள்ளையை நெஞ்சில் போட்ட நாள். பன்னிரண்டாம் நாள் டொக்டர் அனுமதித்தார். குழாய்களோடேயே, உடுப்பில்லாமல், தாயின் நெஞ்சுத் தோலோடு தோலாக. கங்காரு முறை என்கிறார்கள். 1970களின் கடைசியில் கொலம்பியாவின் பொகோட்டா நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில், குறைமாதப் பிள்ளைகளுக்கு இன்கியூபேட்டர் போதாமல் தொடங்கிய வழி இது. இன்று உலகம் முழுக்கச் செய்கிறார்கள். ஒரு மணித்தியாலம் அப்படி இருந்துவிட்டு, அதே கதிரையில் திரும்பி எடுத்தாள். அதுவரை எந்த நாளிலும் வராத அளவு வந்தது. பதினைந்தாம் நாள் கணக்குப் பார்த்தபோது ஒரு நாளைக்கு 400 மில்லியைத் தாண்டியிருந்தது. பிள்ளை அப்போது குடித்தது அதில் பாதியும் இல்லை. மிச்சத்தைப் பனிக்கட்டியாக்கி வைத்தோம்.

இங்கேதான் ‘நாற்பது’ பற்றிச் சொல்ல வேண்டும். “நாப்பது கழியாம படி எறங்கப்படா” என்று எத்தனை பேர் சொன்னார்கள். பெற்றவளுக்கு ஓய்வு வேண்டும், அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் மார்க்கத்தில் நிபாஸ் காலத்துக்கு உரிய சட்டம் தொழுகை, நோன்பு போன்றவை பற்றியது. பிள்ளையைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போகாதே என்று அதில் எங்கே இருக்கிறது? வழமையை மார்க்கம் என்று சொல்லி ஒரு தாயை நாற்பது நாள் பிள்ளையின் தோலிலிருந்து தள்ளி வைக்கிறோம், பிறகு பால் இல்லை என்று குறை சொல்கிறோம். வழமைப்படி நடந்த வீடுகளை ஏசவில்லை, எங்கள் மூத்தம்மாவும் அப்படித்தான் எட்டுப் பிள்ளை பெற்றார். ஆனால் அந்த எட்டும் அவர் பக்கத்தில் கிடந்தன.

சூறா அல்கஸஸில் மூஸா அலைஹிஸ்ஸலாம் அவர்களின் தாயின் சம்பவம் வருகிறது. பிறந்த பிள்ளையைப் பிரிந்து, உள்ளம் வெறுமையாகிப்போன தாய். சின்ன வயதிலிருந்து ஓதி வருகிறோம், வகுப்பில் சொல்லியும் கொடுக்கிறோம். இந்த முறைதான் அதில் வரும் ராத்தாவைக் கவனித்தோம். தாய் சொன்னபடி அவர் பிள்ளையின் பின்னால் போகிறார், தூர நின்று பார்க்கிறார், வேறு எந்தப் பெண்ணின் பாலையும் பிள்ளை ஏற்காதபோது போய்ப் பேசுகிறார், பிள்ளை தாயிடமே திரும்பி வருகிறது. தாயைக் கேள்வி கேட்டதாக அங்கே ஒன்றும் இல்லை. ஓடித் திரிந்து வேலை செய்ததுதான் இருக்கிறது.

சாப்பாடு பற்றியும் கேட்பீர்கள். பால்சுறா, முருங்கையிலை, உள்ளி, வெந்தயக் கஞ்சி, சரக்குக் கறி எல்லாம் எங்கள் வீட்டிலும் நடந்தது. நல்ல சாப்பாடு, பெற்ற உடம்புக்குத் தேவை, கொடுங்கள். ஆனால் பால்சுறா தின்றுவிட்டு எட்டு மணித்தியாலம் எடுக்காமல் படுத்தால் பால் கூடாது. “சூடு ஆகும், தண்ணி குடிக்காத” என்று சொல்லும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுவோம், தாகத்துக்குக் குடிக்கட்டும். பால் கூடுவதற்கென்று ஒரு மாத்திரை இருக்கிறது, பாமஸியில் கேட்டு வாங்கிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அது இதயத் துடிப்பைக் குழப்பக்கூடியது, டொக்டர் எழுதித் தராமல் தொடக்கூடாது.

பக்கத்து வீட்டில் பால் கொடுக்கும் ஒரு தாய், “நான் எடுத்துத் தாறன்” என்று மனமார வந்தார். அந்த மனதுக்கு அல்லாஹ் கூலி கொடுக்கட்டும். ஆனால் ஆஸ்பத்திரி சம்மதமில்லாமல் இன்னொருவரின் பாலைக் குறைமாதப் பிள்ளைக்குக் கொடுக்க முடியாது, நோய் தொற்றலாம். நமக்கு இன்னொரு விசயமும் உண்டு. இரண்டு வயதுக்குள் ஐந்து தரம் குடித்தால் நம் மத்ஹபின்படி பால்குடி உறவு வந்துவிடும், பீச்சிக் கொடுத்தாலும் அப்படித்தான். நாளைக்குத் திருமணப் பேச்சில் நிற்கும் விசயம். கொடுப்பதானால் டொக்டரிடமும் ஆலிமிடமும் கேட்டு, எழுதியும் வைக்க வேண்டும்.

பால்மா பற்றி ஒன்று. டொக்டர் கொடுக்கச் சொன்னால் கொடுக்கத்தான் வேண்டும், அதனால் தாய் தோற்றுப்போனாள் என்று ஆகாது. எவ்வளவு எடுத்தும் போதாமல் போகும் தாய்மார் இருக்கிறார்கள், அவர்களை நோக்கி ஒரு சொல்கூட இல்லை இந்தப் பதிவில். நாங்கள் சொல்வது டொக்டர் சொல்லாமலே, தாய் கேட்காமலே, தேத்தண்ணி மேசையில் கொண்டுவந்து வைக்கும் அந்த டின்னைப் பற்றி. பால்மாவை விளம்பரம் செய்து தாய்மாருக்கு விற்கக் கூடாது என்று உலக சுகாதார சபை 1981இலேயே விதி கொண்டுவந்தது. கம்பனிக்கு விதி உண்டு. மாமிமாருக்கும் சாச்சிமாருக்கும் யார் விதி போடுவது?

ஆண்களுக்கு வேலை இருக்கிறது என்றோமே. அரச உத்தியோகத்தில் தகப்பனுக்கு மூன்று நாள் லீவு. ஆசிரியைக்குச் சம்பளத்தோடு 84 வேலை நாள், அதில் ஆறு கிழமை பிள்ளை ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே கரைந்துபோகும், பிறகு அரைச் சம்பளம்தான். ஆக வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் பால் போத்தலை ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் வைத்துக் கொண்டுபோக ஆள் வேண்டும், ஒவ்வொரு நாளும். தங்கச்சியின் மாப்பிள்ளை விடிய ஒரு தரம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனார். பின்னேரம் எங்கள் பாடசாலைச் சேர்கள் இரண்டு பேர் முறை வைத்துத் தங்கச்சியையும் உம்மாவையும் ஓட்டோவில் கூட்டிக்கொண்டு போனார்கள், காசு வாங்கவில்லை. 27 பேர் வந்து கேட்டதைவிட இந்த இரண்டு பேர் செய்தது அந்தப் பிள்ளையின் வயிற்றுக்குள் போனது.

வார்டில் நாங்கள் பார்த்த ஒன்றை எழுதாமல் விட மனமில்லை. ஒரு தாயின் பிள்ளை ஒன்பதாம் நாள் மௌத்தாகிவிட்டது. அன்றைக்கும் அவருக்குப் பால் வந்தது. உடுப்பு நனைந்தது. அதை எடுத்துக் காட்ட யாரிடமும் முடியாமல், திரும்பிப் படுத்துக்கொண்டார். பிள்ளை ஆஸ்பத்திரியில் இருக்கும் வீட்டுக்குப் போகும்போது என்ன நடந்திருக்கிறது என்று தெரியாமல் “பால் இரிக்கா?” என்று வாயைத் திறந்தால், அது யார் மேல் போய் விழும் என்று நமக்குத் தெரியாது.

பிள்ளை வந்த பிறகும் தாய் இரண்டு கிழமைக்கு மேல் ஓயாமல் அழுதால், சாப்பிடாமல் தூங்காமல் இருந்தால், பிள்ளையைப் பார்க்கவே மனமில்லாமல் இருந்தால், ‘கண்ணூறு’ என்று தண்ணி ஓதிக் கொடுப்பதோடு நிறுத்தாமல் உங்கள் பகுதி மிட்வைஃபிடம் சொல்லுங்கள். அதற்கு வைத்தியம் இருக்கிறது.

மருமகனுக்கு இப்போது 4 கிலோவுக்கு மேல். நேரே மார்பில் குடிக்கப் பழக மூன்று கிழமை எடுத்தது, அது வேறொரு கதை, இன்னொரு நாள் எழுதுகிறோம். பால் கொண்டுபோன ரெஜிபோம் பெட்டியும் நான்கு ஐஸ் பைகளும் எங்கள் வீட்டில் சும்மா கிடக்கின்றன. பம்ப் இரவல் தர முடியாது, அது ஒருவருக்கு மட்டும் உரியது. ஊரில் யாருடைய பிள்ளையாவது ஆஸ்பத்திரியில் இருந்தால் பெட்டியை எடுத்துக்கொண்டு போங்கள். இன்பொக்ஸில் சொன்னால் போதும். இரவு இரண்டரை மணிக்குப் பக்கத்தில் உட்கார ஆள் இல்லை என்றாலும் சொல்லுங்கள், நாங்கள் வருகிறோம். அந்த நேரத்துக்கு எழும்பிப் பழகிவிட்டோம்.